பால்கனியில் கட்டிய தேசியக் கொடி: எப்போது இறக்குவது, கிழிந்ததை என்ன செய்வது?

மூன்றாம்மாடி எழுதியது:

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆகஸ்ட் 15-க்கு ஏறக்குறைய எல்லா வீட்டிலும் கொடி கட்டினார்கள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கட்டியவர்களில் பாதிப்பேர் இறக்கவே இல்லை. மழையும் வெயிலும் பட்டு காவி மஞ்சளாகிவிட்டது, ஒன்று துணி காயப்போடும் கயிற்றோடு சுற்றிக்கொண்டு கிடக்கிறது, ஒன்றின் ஓரம் நார் நாராகப் பிரிந்து தொங்குகிறது. சங்கத்தில் இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். இதுவரை இறக்கியதையெல்லாம் ஒரு சாக்கில் போட்டு மோட்டார் அறையில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி என்ன செய்வது என்பதில் ஆளுக்கொரு பேச்சு. எரிக்க வேண்டும் என்கிறார் ஒருவர். எரித்தால் மூன்று வருஷம் உள்ளே போக வேண்டும் என்கிறார் இன்னொருவர். சக்கரத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால் அப்புறம் அது வெறும் துணிதான், குப்பையில் போடலாம் என்கிறார் மூன்றாமவர். எது சரி?

இன்னொன்றும் இருக்கிறது. வருகிற ஜனவரி 26-க்கு மொட்டைமாடியில் நிரந்தரமாகக் கம்பம் நடலாம் என்று பேச்சு. அதற்குள்ளேயே சண்டை: செருப்போடு ஏற்றலாமா கூடாதா, சங்கத்தின் கொடியையும் பக்கத்தில் கட்டலாமா, கம்பத்துக்கு மாலை போடலாமா. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வாட்ஸப்பில் வந்ததைத் திரும்ப இங்கே ஒட்டாமல் இருந்தால் புண்ணியம்.

---

கருப்புக்கோட்டு எழுதியது:

எரிப்பது பற்றி உங்கள் குடியிருப்பில் பேசிய இரண்டு பேரும் பாதி சரி. இரண்டு தனித்தனி விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பொது இடத்திலோ பொதுமக்கள் பார்வையில் படும் இடத்திலோ கொடியை எரிப்பது, கிழிப்பது, மிதிப்பது, அல்லது வேறு எந்த விதத்திலாவது அவமதிப்பது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அந்த மூன்று வருஷக் கதை இங்கிருந்து வருகிறது.

அடுத்தது 2002 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதிகள். சேதமான, அழுக்கான கொடியை முழுதாக, தனிமையில் அழிக்க வேண்டும், எரிப்பது நல்லது, இல்லையென்றால் கொடியின் கண்ணியத்துக்குப் பொருத்தமான வேறு வழியில் செய்யலாம் என்கிறது அது. ஆக எரிக்கலாம், ஆனால் நாலு பேர் கூடிப் படம் எடுத்துக் குழுவில் போடுகிற மாதிரி எரிக்கக்கூடாது. வீதியில் ஒருவன் ஆத்திரத்தில் எரிப்பதும் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு மடித்து வைத்து எரிப்பதும் ஒன்றல்ல என்பது சட்டத்துக்கே தெரியும்.

சக்கரத்தை வெட்டி எடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். முழுதாக என்று விதி சொல்வதற்கு நேர் எதிரானது அது. குப்பைத்தொட்டியில் யாராவது மூன்று வண்ணத்தைப் பார்த்துப் படம் எடுத்தால் யார் வெட்டினார், ஏன் வெட்டினார் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

சேதமான கொடியைப் பறக்க விடுவதே விதிப்படி தவறு. கிழிந்த பிறகும் இறக்காமல் விட்டால் மரியாதை கூடிவிடாது, குறைந்துதான் போகும். நிறையப் பேர் இதை யோசிப்பதே இல்லை, இறக்கினால்தான் அவமரியாதை என்று பயந்துகொண்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

---

சும்மாகேட்டேன் எழுதியது:

நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுகிறேன், கோபிக்காதீர்கள்.

இப்படி ஒவ்வொன்றுக்கும் சிறை, அபராதம் என்று மிரட்டினால் சாதாரண மனுஷன் கொடியைத் தொடவே பயப்படுவான். முன்பு அப்படித்தான் இருந்தது. தனிமனிதர்கள் குறிப்பிட்ட சில நாட்களைத் தவிர மற்ற நாட்களில் கொடி ஏற்ற முடியாது, அது அரசாங்கக் கட்டடத்தின் சொத்து போல இருந்தது. தன் தொழிற்சாலையில் கொடி ஏற்றியதைத் தடுத்தார்கள் என்று நவீன் ஜிந்தால் நீதிமன்றம் போனார். 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மரியாதையோடும் கண்ணியத்தோடும் தேசியக் கொடியைப் பறக்கவிடுவது குடிமகனின் அடிப்படை உரிமை, அரசியல் சாசனத்தில் கருத்துச் சுதந்திரம் பற்றிய 19(1)(அ) பிரிவில் வருவது என்று சொன்னது. அந்த உரிமைக்குக் கட்டுப்பாடுகளும் உண்டு என்று அதே தீர்ப்பு சொன்னது, மறுக்கவில்லை.

ஆனால் கோயம்புத்தூர் கேக் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2013-இல் ஒரு கிறிஸ்துமஸ் விழாவில் மூவர்ணத்தில், நடுவில் அசோகச் சக்கரம் வைத்து ஒரு பெரிய கேக் செய்து வெட்டிப் பகிர்ந்திருக்கிறார்கள். தேசிய அவமதிப்பு என்று புகார் போனது. 2021-இல்தான் சென்னை உயர்நீதிமன்றம், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதில் அவமதிப்பு இல்லை என்று வழக்கையே ரத்து செய்தார். ஒரு கேக்குக்கு ஏழு வருஷத்துக்கு மேல். வந்தவர்கள் யாரும் நாட்டை இழிவுபடுத்தும் எண்ணத்தோடு வரவில்லை, பெருமையோடுதான் கலைந்து போயிருப்பார்கள் என்கிற கோணத்தில் பார்த்தார் நீதிபதி. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. மனசில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விதிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரன் பால்கனியை எட்டிப் பார்ப்பது ஒரு வியாதி.

---

கருப்புக்கோட்டு எழுதியது:

சும்மாகேட்டேன், அந்தத் தீர்ப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் அது சொல்வது குற்றம் எது என்பதைப் பற்றி. மூன்றாம்மாடி கேட்பது எப்படிச் செய்தால் நல்லது என்று. தண்டனை கிடையாது என்பதற்காகச் சாக்கில் திணித்துப் பெயிண்ட் டப்பா பக்கத்தில் வைப்பது சரியாகிவிடாது இல்லையா? நான் சட்டத்தைச் சொன்னது மிரட்ட அல்ல, மிரண்டு போனவர்களிடம் காட்டுவதற்கு.

---

பழைய என்சிசி வாத்தியார் எழுதியது:

பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காகக் கொடிக்கம்பத்தோடு மல்லுக்கட்டியவன் என்கிற முறையில் இரண்டாம் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன்.

செருப்பு: கழற்ற வேண்டும் என்று கொடி விதிகளில் எங்கேயும் இல்லை. ராணுவத்திலும் போலீஸிலும் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் ஏற்றுகிறார்கள், சல்யூட் அடிக்கிறார்கள். நம் பக்கம் பலர் கழற்றிவிட்டு ஏற்றுவது கோயில் பழக்கத்தால் வந்த மரியாதை, அது அவரவர் மனசு. கழற்றாதவரைப் பார்த்து முறைக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

மாலை: வேண்டாம். கொடி பறக்கும் கம்பத்தின் உச்சியிலோ அதற்கு மேலேயோ பூ, மாலை, சின்னம் எதுவும் வைக்கக்கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. கொடிக்குள் பூ இதழ் வைத்துக் கட்டி, பிரியும்போது உதிரச் செய்வதற்கு மட்டும் குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் அனுமதி உண்டு. அதிலும் ஒரு கைப்பிடி போதும், நிறையத் திணித்தால் ஈரப் பூவின் கனத்தில் முடிச்சு இறுகிவிடும், தலைவர் கயிற்றை இழுக்க இழுக்கக் கொடி பொட்டலமாகவே நிற்கும், கீழே பிள்ளைகள் சிரிப்பார்கள். ரோஜாவை முழுசாக வைக்காதீர்கள், இதழ் இதழாக உதிர்த்து வையுங்கள்.

சங்கக் கொடி: தேசியக் கொடிக்கு மேலேயோ அதைவிட உயரமாகவோ வேறு கொடி இருக்கக்கூடாது, சமமாகப் பக்கத்திலும் கூடாது, ஒரே கம்பத்தில் இரண்டு கொடி கூடவே கூடாது. சங்கக் கொடி வேண்டும் என்றால் வேறொரு நாள் கட்டுங்கள், என்ன கெட்டுவிடப் போகிறது.

கம்பம் நடுவதற்கு முன் கப்பியைப் பாருங்கள். மலிவான கப்பி ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும், அப்புறம் யாராவது இளைஞன் கம்பத்தில் ஏற வேண்டும். கயிறு நைலானாக இருக்கட்டும், ஆனால் வழவழப்பான நைலானில் முடிச்சு தானாக நழுவும் என்பதால் முந்தைய நாள் சாயங்காலமே ஒரு தடவை கட்டி இழுத்துப் பார்த்துவிட வேண்டும். ஆகஸ்ட் 15-இல் கொடி கீழேயிருந்து மேலே ஏறும். ஜனவரி 26-இல் மேலேயே மடித்துக் கட்டி வைத்ததை அவிழ்த்துவிடுவார்கள். உங்களுக்கு ஜனவரி என்பதால் உருவு முடிச்சுதான் முக்கியம். காவி மேலே இருக்கிறதா என்று கட்டும்போதே இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மடித்த பிறகு தெரியாது, பறந்த பிறகு ஊருக்கே தெரியும்.

ஏற்றும்போது விறுவிறுவென்று ஏற்ற வேண்டும், இறக்கும்போது மெதுவாக. இரண்டு நேரத்திலும் எல்லாரும் கொடியைப் பார்த்து நேராக நிற்க வேண்டும், சீருடையில் இருப்பவர்கள் சல்யூட் அடிப்பார்கள். இறக்குவதற்கு யாரும் வருவதில்லை என்பதுதான் என் நீண்டநாள் வருத்தம். காலையில் மிட்டாய்க்கு இருநூறு பேர், சாயங்காலம் நானும் காவலாளியும். இறக்கும் நேரத்தையும் நோட்டீஸில் போடுங்கள், நாலு பிள்ளைகளாவது வரும். கொடியை எப்படி மடிப்பது என்று அப்போதுதான் சொல்லித்தர முடியும்: படுக்கை வாட்டில் விரித்து, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் போகும்படி மடிக்க வேண்டும், அப்புறம் வெள்ளைப் பட்டையை இரண்டு பக்கமிருந்தும் மடித்தால் நடுவில் சக்கரமும் கொஞ்சம் காவியும் பச்சையும் மட்டும் தெரிய நிற்கும். அதை உள்ளங்கைகளில் ஏந்தி எடுத்துப் போக வேண்டும், அக்குளில் இடுக்கிக்கொண்டு போகக்கூடாது.

---

தையல்மெஷின் எழுதியது:

கொடி தைத்துக் கொடுக்கும் வேலையும் எங்களுக்கு உண்டு என்பதால் துணி பற்றி.

உங்கள் பால்கனிக் கொடிகள் இரண்டே மாதத்தில் வெளுத்ததற்குக் காரணம் அவை அச்சடித்த மெல்லிய பாலியஸ்டர். முன்பு கையால் நூற்று கையால் நெய்த துணிதான், கதரிலோ பட்டிலோ கம்பளியிலோ. 2021 டிசம்பர் 30-இல் விதியைத் திருத்தி இயந்திரத்தில் செய்ததும் பாலியஸ்டரும் செல்லும் என்று ஆக்கினார்கள், அடுத்த ஆகஸ்டிலேயே இல்லந்தோறும் மூவர்ணக்கொடி இயக்கம் வந்தது. தபால் நிலையத்தில் 25 ரூபாய்க்குக் கிடைத்தது. நிறையப் பேர் வீட்டுக்குக் கொடி போய்ச் சேர்ந்தது நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த விலைத் துணி நிரந்தரமாகப் பறக்கச் செய்ததல்ல, மூன்று நாள் கட்டி எடுத்து மடித்து வைத்தால் பல வருஷம் வரும். வெயிலில் விட்டால் சாயம் நிற்காது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: நீளமும் உயரமும் 3-க்கு 2 இருக்க வேண்டும். மூன்று பட்டைகளும் ஒரே அகலம். சக்கரம் வெள்ளையின் நட்ட நடுவில், வட்டமாக, 24 ஆரங்களோடு, கருநீலத்தில், இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். அவசரத்தில் அச்சடித்ததில் சக்கரம் முட்டை மாதிரி இருக்கும், ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், அதைக் கடையிலேயே விரித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விதிகளில் ஒன்பது அளவுகள் இருக்கின்றன, பெரியது 6300-க்கு 4200 மில்லிமீட்டர், சின்னது மேஜையில் வைக்கும் 150-க்கு 100. மொட்டைமாடிக் கம்பத்துக்கு 1800-க்கு 1200, அல்லது 1350-க்கு 900 போதும். ரொம்பப் பெரிதாக வாங்கினால் காற்று கிழித்துவிடும். கதரில் வேண்டுமென்றால் கர்நாடகத்தில் ஹுப்ளி பெங்கேரியில் இருக்கும் கதர் கிராமத் தொழில் கூட்டமைப்பு நெய்து தைத்துத் தருவது பேர்போனது, பி.ஐ.எஸ் என்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் தரச்சான்றோடு வரும், விலை அதிகம்தான்.

எரிப்பதில் ஒரு சிக்கல் சொல்ல வேண்டும். பருத்தியும் கதரும் சாம்பலாகிவிடும். பாலியஸ்டர் அப்படிச் சாம்பலாகாது, உருகும், சொட்டும், கறுப்பாகப் புகையும், மூச்சை அடைக்கும் நாற்றம். உருகி உறைந்த கட்டியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டு நிற்பதில் என்ன கண்ணியம் இருக்கிறது? பாலியஸ்டரை நான் எரிக்கச் சொல்ல மாட்டேன். சுத்தமாகத் துவைத்து மடித்து, ஒரு பெட்டியில் வைத்துப் புதைத்துவிடலாம்.

---

சும்மாகேட்டேன் எழுதியது:

புதைத்தால் பாலியஸ்டர் மக்கவா போகிறது? அடுத்த வருஷம் தண்ணீர்க்குழாய்க்குத் தோண்டும்போது மறுபடி வெளியே வரும்.

எங்கள் வழி வேறு. நன்றாக இருப்பதையும் கெட்டதையும் முதலில் பிரித்துவிடுவோம். உங்கள் சாக்கிலும் பாதி வெறும் அழுக்காக இருக்கும், துவைத்துத் தேய்த்தால் அடுத்த வருஷத்துக்கு ஆகும். துவைக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. அழிக்க வேண்டியது கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டால் எரிப்பதா புதைப்பதா என்கிற சண்டையே சின்னதாகிவிடும்.

---

பழைய என்சிசி வாத்தியார் எழுதியது:

பிரிப்பது நல்ல யோசனை, இதை நான் ஒத்துக்கொள்கிறேன். புதைப்பதென்றால் ஆழமாக, யாரும் தோண்டாத மூலையில்.

காகிதக் கொடியையும் மறக்காதீர்கள். விழாக்களிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் கையில் பிடித்து ஆட்டலாம், முடிந்ததும் தரையில் போடக்கூடாது, அதையும் தனியே மரியாதையாக அப்புறப்படுத்த வேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போதே வாசலில் ஒரு அட்டைப்பெட்டி வைத்து, போகும்போது இதில் போட்டுவிட்டுப் போங்கள் கண்ணுகளா என்று ஒருவர் நின்றால் போதும். பிளாஸ்டிக் கொடி வாங்கவே வாங்காதீர்கள், 2022 ஜூலை 1 முதல் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பட்டியலில் அதுவும் இருக்கிறது.

கொடி காத்த குமரன் பிறந்த மண்ணில் கொடியைக் காலில் மிதிபட விடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது ஐயா.

---

சும்மாகேட்டேன் எழுதியது:

வாத்தியாரய்யா, ஒரு சின்னத் திருத்தம், சண்டைக்கு இல்லை. 1932 ஜனவரியில் திருப்பூரில் குமரன் கையில் பிடித்திருந்தது இன்றைய கொடி அல்ல, ராட்டை போட்ட காங்கிரஸ் மூவர்ணம். சக்கரம் போட்ட கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்டது 1947 ஜூலை 22-இல். அவர் அடி வாங்கியபோது அந்தக் கொடிக்கு எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லை, சட்டம் அடித்தவர்கள் பக்கம்தான் இருந்தது. அதனால்தான் விதி என்றாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி.

---

பழைய என்சிசி வாத்தியார் எழுதியது:

தெரியும் தம்பி, வகுப்பில் அதையும் சொல்லித்தான் நடத்தினேன். விதி வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் மேலே நீங்கள் சொன்ன துவைத்துத் தேய்த்து வைக்கும் வழிதான் இந்தத் திரியிலேயே மரியாதையானது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

---

மூன்றாம்மாடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சாக்கை இன்று பிரித்தோம், தையல்மெஷின் சொன்னது போல முக்கால்வாசி பாலியஸ்டர்தான். நல்லதைத் துவைக்கப் போட்டிருக்கிறோம்.

இன்னும் மூன்று சந்தேகம். ராத்திரியில் இறக்க வேண்டுமா? சில வீட்டுப் பால்கனியில் இடமில்லாமல் கொடியை நெட்டுக்குத்தாகத் தொங்கவிடுகிறார்கள், அது சரியா? அப்புறம் எங்கள் பழைய சங்கத் தலைவர் போன மாதம் காலமானார், அவர் நினைவாக ஜனவரி 26 அன்று கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடலாம் என்று ஒருவர் உருக்கமாகப் பேசுகிறார், மறுத்தால் மனசு கோணும்.

---

கருப்புக்கோட்டு எழுதியது:

ராத்திரி: முன்பு சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரைதான். 2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு திறந்தவெளியிலும் பொதுமக்கள் வீடுகளிலும் இரவும் பகலும் பறக்கலாம். பறக்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், மாதக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை. உங்கள் பால்கனிகளின் கதை இங்கேதான் ஆரம்பித்திருக்கும்.

நெட்டுக்குத்து: சுவரில் செங்குத்தாகக் காட்டும்போது காவி, எதிரே நின்று பார்ப்பவருக்கு இடதுபக்கம் வர வேண்டும். பால்கனியில் எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்று கேட்பார்கள், தெருவிலிருந்து பார்ப்பவருக்குத்தான் இடது. அலங்காரத் தோரணமாக வளைத்து வளைத்துக் கட்டுவதும், மேஜைக்கு விரிப்பாகப் போடுவதும் கூடாது. பைக்கிலும் காரிலும் கட்டிக்கொண்டு போவதும் அப்படித்தான். வாகனத்தில் கொடி பறக்கவிடும் உரிமை குடியரசுத் தலைவர், ஆளுநர், அமைச்சர், நீதிபதி என்று விதிகளில் பட்டியலிட்டவர்களுக்கு மட்டும்.

அரைக்கம்பம்: இதில் தயவு பார்க்காதீர்கள். அரசு உத்தரவுப்படி பொதுக் கட்டடங்களில் அரைக்கம்பத்தில் பறக்கும் நாட்களைத் தவிர மற்ற நேரத்தில் அப்படிப் பறக்கவிடுவதை 1971 சட்டமே அவமதிப்பு என்ற வரிசையில் வைத்திருக்கிறது. பெரியவருக்குக் கொடியேற்றிய பிறகு இரண்டு நிமிடம் மௌனம் இருக்கச் சொல்லுங்கள், அல்லது அவர் வீட்டுக்காரம்மாவையே கொடியேற்றக் கூப்பிடுங்கள். உருக்கமாகப் பேசுகிறவரும் அதை மறுக்க மாட்டார்.

---

தையல்மெஷின் எழுதியது:

துவைக்கப் போட்டதாகச் சொன்னீர்களே, வாஷிங் மெஷினில் மற்ற துணியோடு போட்டுவிடாதீர்கள். காவியும் பச்சையும் சாயம் விட்டு வெள்ளையில் ஏறிவிடும். குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டு ஒவ்வொன்றாக அலசி, நிழலில் உலர்த்துங்கள். பாலியஸ்டர் என்றால் இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டுத் தேய்க்க வேண்டும், நேராக வைத்தால் சக்கரத்தின் அச்சு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஓரம் பிரிந்தவற்றில் இரண்டு விரற்கடைக்குள் பிரிந்திருந்தால் மடித்து ஒரு தையல் போட்டால் போதும், அதற்கு மேல் போனால் அளவு 3-க்கு 2 இல்லாமல் போய்விடும், அதை அழிக்கும் பக்கம் எடுத்து வைத்துவிடுங்கள்.